பெரியப்பா நெஞ்சுல இருக்கிற பெட்டி எந்தக் கம்பெனி?

குழு: மேலவீதி குடும்பம்
வியாழன்

செந்தில் அண்ணா (காலை 6:10): அப்பா ராத்திரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். இடது இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. திருச்சியில அட்மிட் பண்ணியாச்சு. நல்லாப் பேசறார், யாரும் பயப்பட வேண்டாம்.

விஜி அத்தை: ஐயோ அண்ணனுக்கா! முருகா. நாங்க 8 மணி பஸ்ஸுக்குக் கிளம்பறோம்.

செந்தில் அண்ணா: ரெண்டு நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்கறார் எலும்பு டாக்டர். மயக்க டாக்டர்தான் பிடிச்சு வச்சிருக்கார். அப்பா நெஞ்சுல இதயத்தைத் துடிக்க வைக்கற பெட்டி இருக்குல்ல, அந்த பேஸ்மேக்கர் எந்தக் கம்பெனின்னு கேக்கறார். அதோட விவரம் இருக்கற அட்டை எங்கன்னு தெரியல.

பத்மா பெரியம்மா: பாம்பேல வச்சது. 9 வருசமாச்சு. பீரோலதான் இருந்துச்சு. வீடு மாத்தறப்ப எங்க போச்சோ தெரியல

ராமு மாமா: எந்தக் கம்பெனியா இருந்தா என்ன? ஓடுதுல்ல? பில் ஏத்தறதுக்கு ஒரு சாக்கு.

கவிதா: மாமா, அப்படி இல்ல. ஆபரேஷன்ல ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்க கரண்டுல ஓடற காட்டரி வைப்பாங்க. அந்தக் கரண்டு இரைச்சலை பேஸ்மேக்கர் இதயத்துடிப்புன்னு நினைச்சுக்கும். "இதயம் தானாவே துடிக்குது, நமக்கு வேலை இல்ல"ன்னு பேசாம இருந்துடும். பெட்டியை நம்பியே இதயம் ஓடறவங்களுக்கு அந்த நேரம் துடிப்பே இருக்காது.

கவிதா: இடுப்பு ஆபரேஷன்ல, தொப்புளுக்குக் கீழங்கறதால, இந்த ரிஸ்க் கம்மி. ஆனா முன்னாடி பெட்டியை ஒரு தடவை செக் பண்ணிடணும். கடைசியா எப்ப பாத்தீங்க அண்ணா?

செந்தில் அண்ணா: பாம்பேலருந்து வந்ததுக்கு அப்புறம் போகவே இல்ல. நாலு வருஷம் இருக்கும். நல்லாத்தானே இருக்கார்னு விட்டுட்டோம்.

கவிதா: வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும். சரி, திட்டு அப்புறம். செக் பண்ற மெஷினுக்கு புரோகிராமர்னு பேரு. டிவி பொட்டி ரிமோட் மாதிரி, ஒரு கம்பெனியோடது இன்னொரு கம்பெனி பெட்டியோட பேசவே பேசாது. அதனாலதான் கம்பெனி தெரிஞ்சாத்தான் அந்தக் கம்பெனி ஆளை மெஷினோட வரச் சொல்ல முடியும்.

ராமு மாமா: நாலு கம்பெனிக்காரனையும் வரச் சொல்லிட வேண்டியதுதானே.

கவிதா: சில இடத்துல அப்படித்தான் பண்றாங்க மாமா. ஒவ்வொருத்தரா வந்து "இது எங்களது இல்ல"ன்னு சொல்லிட்டுப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். அண்ணா, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்களா?

செந்தில் அண்ணா: (படம்)

கவிதா: அண்ணா உடனே டெலிட் பண்ணு! மேல பெரியப்பா பேர், வயசு, ஆஸ்பத்திரி நம்பர் எல்லாம் அப்படியே இருக்கு. பேரை மறைச்சு எனக்குத் தனியா அனுப்பு.

செந்தில் அண்ணா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அரவிந்த்: கவி அத்தை, நான் அதுக்குள்ள சேவ் பண்ணி ஏஐ சாட்பாட்ல போட்டுட்டேன். பாஸ்டன் சயின்டிபிக்னு சொல்லுது. ரொம்ப உறுதியா சொல்லுது.

கவிதா: டேய். பேரோட போட்டியா?

அரவிந்த்: …

கவிதா: அழி. அது எல்லாத்துக்கும் உறுதியாத்தான் சொல்லும். கட்டுரை எழுதவும் கவிதை எழுதவும் பழகினது வேற, பேஸ்மேக்கர் படத்தை மட்டுமே பாத்துப் பழகினது வேற. சமையல் குறிப்பு சொல்றவங்ககிட்ட கோலி சோடா மூடியைக் காட்டி எந்த ஃபேக்டரின்னு கேப்பியா?

ராமு மாமா: எக்ஸ்ரேயை வச்சு கம்பெனி பேர் சொல்ல முடியுமா? ஜோசியம் மாதிரில்ல இருக்கு.

கவிதா: முடியும் மாமா. வெளிய பாத்தா எல்லாம் வட்ட பிஸ்கட் மாதிரிதான் இருக்கும். எக்ஸ்ரேல உள்ள இருக்கிறது தெரியும். பேட்டரி எந்தப் பக்கம், சர்க்யூட் எப்படி வளைஞ்சிருக்கு, வயர் சொருகற தலை எப்படி, எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலதுல எக்ஸ்ரேல மட்டும் தெரியற மாதிரி பொடி எழுத்துகூட பொறிச்சிருப்பாங்க. செந்தில் அண்ணா அனுப்பின படம் டியூப்லைட் முன்னால பிடிச்சு எடுத்தது, எழுத்து கலங்கிப்போச்சு.

கவிதா: 2019ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஜேம்ஸ் ஹோவர்ட்னு ஒரு இதய டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தாங்க. 1,676 படம், 5 கம்பெனி, 45 மாடல். கொஞ்சம் படத்தைக் கண்ணுல காட்டாம ஒதுக்கி வச்சு அப்புறம் பரீட்சை வச்சாங்க. கம்பெனி பேர் 99.6 சதவீதம் சரி. அதே படங்களை இதய டாக்டர்கள்கிட்ட, கண்டுபிடிக்கற வழிமுறைப் படத்தையும் கையில குடுத்துக் கேட்டதுக்கு 72 சதவீதம்தான் வந்துச்சு.

ராமு மாமா: பாத்தீங்களா! டாக்டர் வேலையே போச்சு. இதை என் வாக்கிங் குரூப்புக்கு அனுப்பறேன்.

கவிதா: அனுப்பாதீங்க மாமா! அது ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருந்த நேர்ப் படங்கள். பெட்டியை ஒட்டி சதுரமா வெட்டிக் குடுத்தது. நம்ம செந்தில் அண்ணா போட்டோவுல பாதி டியூப்லைட்டு, ஓரத்துல அவர் கட்டைவிரல். இன்னொண்ணு, அதுக்குத் தெரிஞ்சது அந்த 45 வகைதான். 46வதைக் காட்டினா "தெரியாது"ன்னு சொல்லாது, 45ல எது சாடையா இருக்கோ அதைச் சொல்லும்.

செந்தில் அண்ணா: சிஸ்டர்கிட்ட கெஞ்சி கம்ப்யூட்டர் ஸ்கிரீன்லருந்தே எடுத்துட்டேன். பேரை வெட்டி உனக்குத் தனியா அனுப்பியிருக்கேன் கவி.

கவிதா: இது பளிச்சுனு இருக்கு. முதல்ல வயரைப் பாத்தேன். மொத்தம் ரெண்டு, ஒண்ணு இதயத்தோட மேலறையில, ஒண்ணு கீழறையில. நடுவுல தடியா ஸ்பிரிங் மாதிரி எதுவும் இல்ல, அதனால ஷாக் குடுக்கற வகை இல்ல, வெறும் பேஸ்மேக்கர்தான். இருங்க, எங்க கேத் லேப், அதான் இதயக் குழாய்ச் சோதனை பண்ற இடம், அங்க இருக்கற டாக்டர்கிட்ட காட்டறேன்.

விஜி அத்தை: பஸ் குளித்தலை தாண்டிடுச்சு. அண்ணனுக்கு என்ன சாப்பிடக் குடுக்கறாங்க?

செந்தில் அண்ணா: எதுவும் இல்ல அத்தை, வெறும் வயித்துல வச்சிருக்காங்க. காபி கேட்டு சத்தம் போடறார்.

கவிதா (11:25): டாக்டர் பெட்டியை மட்டும் சதுரமா வெட்டி அவர் வச்சிருக்கற மென்பொருள்ல போட்டார். ரெண்டு நொடிதான். மெட்ரானிக்னு வந்துச்சு. மாடலுக்கு அடாப்டா, கப்பா, சென்சியா, வெர்சா நாலையும் சேர்த்தே சொல்லுது. எக்ஸ்ரேல அந்த நாலும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், பிரிக்க முடியாது. டாக்டர் படத்தைப் பெருசாக்கிப் பாத்துட்டு, எழுத்தும் அப்படித்தான் தெரியுதுன்னார்.

அரவிந்த்: அப்ப பாஸ்டன் தப்பா?

கவிதா: இரு. இன்னொரு சாட்சி கேக்கலாம். அண்ணா, மயக்க டாக்டர்கிட்ட காந்தம் இருக்கும். பெட்டி மேல வச்சு ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லு. காந்தம் வச்சா பேஸ்மேக்கர் ஒரே வேகத்துல தட்ட ஆரம்பிக்கும். பேட்டரி நல்லாருந்தா நிமிஷத்துக்கு மெட்ரானிக் 85, பயோட்ரானிக் 90, பாஸ்டன் 100.

செந்தில் அண்ணா: வச்சாங்க. பெரிய மெதுவடை மாதிரி இருக்கு, நடுவுல ஓட்டையோட. அப்பா "சட்னி எங்கே"ன்னு கேக்கறார்.

கவிதா: எண் என்ன அண்ணா

செந்தில் அண்ணா: 65. காந்தம் வைக்கறதுக்கு முன்னாடியும் மானிட்டர்ல 65தான் இருந்துச்சு.

கவிதா: 65ஆ? நல்லாப் பாத்தியா?

செந்தில் அண்ணா: ஈசிஜி பேப்பர் என் கையிலதான் இருக்கு. 65.

ராமு மாமா: நீ சொன்ன லிஸ்ட்லயே 65 இல்லையே. கம்ப்யூட்டர் தோத்துச்சு.

கவிதா: இல்ல மாமா. 85 வந்திருந்தாதான் குழப்பம். பாஸ்டன்லயும் பேட்டரி தீரப்போறப்ப 85க்கு இறங்கும். மெட்ரானிக் பேட்டரி மாத்தற நேரம் வந்தா 65க்கு இறங்கிடும், காந்தம் இல்லாதப்பவும் 65லயே ஓடும். படம் சொன்னதோட இது ஒத்துப்போகுது. ஆனா பெரியப்பா பெட்டியோட பேட்டரி முடியற கட்டத்துல இருக்கு போல. அண்ணா, மெட்ரானிக் ஆளை மெஷினோட உடனே வரச் சொல்லு. 65 விஷயத்தை டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடு.

பத்மா பெரியம்மா: பேட்டரி முடிஞ்சா நின்னுடுமா கவி

கவிதா: உடனே நிக்காது பெரியம்மா. மாத்தணும்னு காட்டினதுக்கு அப்புறம் ஏறக்குறைய மூணு மாசம் தாங்கற மாதிரிதான் வச்சிருப்பாங்க. எப்போ காட்ட ஆரம்பிச்சுதுங்கறதை மெஷின் வச்சாதான் தெரியும். எக்ஸ்ரேக்கும் ஏஐக்கும் அது தெரியாது.

செந்தில் அண்ணா (மதியம் 2:40): கம்பெனிப் பையன் வந்தான். லேப்டாப் மாதிரி ஒண்ணு, அதுல வயரோட மவுஸ் மாதிரி ஒரு தலை. நெஞ்சு மேல வச்சதும் பேசிடுச்சு. மெட்ரானிக்தான். 65க்கு மாறி 19 நாள் ஆச்சாம். கீழறைக்கு முழுசா பெட்டிதான் வேலை செய்யுதாம். அதைச் சொன்னதும் மயக்க டாக்டர் முகம் மாறிடுச்சு.

கவிதா: 19 நாள்தானா. அப்பாடா.

செந்தில் அண்ணா: காட்டரியோட கரண்டு இரைச்சலைப் பெட்டி காதுல போட்டுக்காத மாதிரி மாத்தி வச்சுட்டு நாளைக்குக் காலையில இடுப்பு. தேறினதும் இங்கேயே பெட்டி மாத்தறது. வயர் ரெண்டும் நல்லாருக்காம், பெட்டி மட்டும்தான் புதுசு.

ராமு மாமா: விழுந்ததும் நல்லதுக்குத்தான்.

விஜி அத்தை: வாயைக் கழுவுங்க. அங்க வந்து அண்ணன்கிட்ட இப்படிப் பேசிடாதீங்க.

வெள்ளி

செந்தில் அண்ணா (காலை 10:50): ஆபரேஷன் முடிஞ்சுது. நல்லாருக்கார்.

பத்மா பெரியம்மா: முருகா. அட்டை கிடைச்சுடுச்சு கவி. மாதுங்கா கேஸ் புக்குக்குள்ள இருந்துச்சு. என்னமோ எழுதியிருக்கு அரவிந்த் படிச்சுச் சொல்லுவான்

அரவிந்த்: மெட்ரானிக் சென்சியா! நாலுல ஒண்ணு. சீரியல் நம்பர்கூட இருக்கு, போட்டோ போடட்டா?

கவிதா: குரூப்ல போடாதே!! அப்பா போனுக்கும் எனக்கும் மட்டும் அனுப்பு. புதுப் பெட்டி வச்சா புது அட்டை வரும், அதை தாத்தா பர்ஸ்ல வை. கேஸ் புக்குல வேண்டாம்.

ராமு மாமா: கவி, என் முட்டி எக்ஸ்ரே ஒண்ணு இருக்கு. உங்க டாக்டர் மெஷின்ல போட்டுப் பாக்கலாமா?

கவிதா: போடலாம் மாமா. உங்க முட்டி எந்தக் கம்பெனின்னு சொல்லும்.