துடிப்பு சீரான பின்னரும் வோபரின் குளிசையைத் தொடர வேண்டுமா?

கேள்வி: முள்ளியவளையிலிருந்து ஒரு மகள்

எனது தந்தையாருக்கு வயது 68. இன்றும் தாமே வயலில் இறங்கி வேலை செய்பவர். சில மாதங்களுக்கு முன்னர் நெஞ்சுப் படபடப்பும் மூச்சிரைப்பும் ஏற்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றபோது, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்ற ஏட்ரியல் பிப்ரிலேசன் என்னும் நோய் என்று சொன்னார்கள். பின்னர் யாழ்ப்பாணத்தில் எக்கோ பரிசோதனையும் செய்யப்பட்டது. வால்வுகளில் குறையேதும் இல்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். இப்போது துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் 200 மில்லிகிராம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின், பிரஷருக்குரிய குளிசை ஆகியவற்றை எடுத்து வருகிறார்.

கடந்த கிளினிக்கில் துடிப்பு முற்றாகச் சீராகிவிட்டது என்று வைத்தியர் கூறினார். அன்றிலிருந்து அப்பா, "நாடி நேராகிவிட்டது, இனி இரத்தம் உறையாமல் இருப்பதற்கான குளிசை எதற்கு?" என்று கேட்கிறார். இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்ப்பதற்காக அடிக்கடி பேருந்தில் போய் வருவதும், கீரையைச் சாப்பிடக் கூடாது என்று அயலவர்கள் சொல்வதும் அவருக்குச் சலிப்பை உண்டாக்கியிருக்கின்றன. காலபோக அறுவடையும் நெருங்குகிறது. வைத்தியரிடம் அடுத்த முறை கேட்கத்தான் போகிறேன். ஆயினும் கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கின்ற சில நிமிடங்களில் எல்லாவற்றையும் கேட்டுவிட முடிவதில்லை. அப்பாவுக்கு விளங்கும்படி நான் என்ன சொல்லலாம்?

பதில் 1: வவுனியா மருந்தாளர்

சகோதரி, தந்தையார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குரிய விடை, இரண்டு மருந்துகளும் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன என்பதில் இருக்கிறது. அமியோடரோன் துடிப்பின் ஒழுங்கைக் காக்கிறது. வோபரினுக்கும் துடிப்புக்கும் நேரடியான தொடர்பு எதுவும் இல்லை. மேலறை நடுங்கும்போது அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகி, அக்கட்டி மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை ஏற்படுத்தாமல் தடுப்பதே அதன் வேலை. ஏட்ரியல் பிப்ரிலேசன் உள்ளவருக்குப் பாரிசவாதம் வரும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. வோபரினை ஒழுங்காக எடுத்தால் அந்த அபாயத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது.

துடிப்பு சீரான பின்னர் இதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டு வெளியான அஃபர்ம் ஆய்வில் 4060 நோயாளர்கள் சேர்க்கப்பட்டு, துடிப்பைச் சீராக்கும் மருந்து ஒரு பிரிவினருக்கும் துடிப்பின் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தும் மருந்து மற்றப் பிரிவினருக்கும் கொடுக்கப்பட்டன. இரு பிரிவுகளிலும் பாரிசவாதம் வந்தவர்களில் பெரும்பாலானோர் வோபரினை நிறுத்தியவர்களாகவோ, ஐ.என்.ஆர். 2.0இற்குக் கீழே இருந்தவர்களாகவோ காணப்பட்டார்கள். நடுக்கம் இடையிடையே திரும்பி வருவதை நோயாளர் பலர் உணர்வதே இல்லை என்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே இந்தக் குளிசை எவ்வளவு காலத்துக்குத் தேவை என்பதைத் தந்தையாரின் வயதும் பிரஷரும் தீர்மானிக்கின்றனவேயன்றி, அன்றைய நாடி தீர்மானிப்பதில்லை.

வோபரின் உடலில் உடைந்து நீங்குவதை அமியோடரோன் குறைப்பதால், அதே அளவு வோபரின் நாளடைவில் கூடுதலாக வேலை செய்யத் தொடங்கும். இந்த மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை. வாரக் கணக்கில் மெல்ல ஏறுகிறது. தொடக்க மாதங்களில் அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்வது இதனால்தான். பொதுவாக 2.0இற்கும் 3.0இற்கும் இடையில் அது நிற்க வேண்டும். அமியோடரோனை வைத்தியர் நிறுத்தினாலும் கூட அது உடலில் இருந்து முழுமையாக நீங்க மாதங்கள் எடுக்கும் என்பதால், அப்போதும் கவனம் தேவைப்படும்.

அமியோடரோனைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு 200 மில்லிகிராம் குளிசையில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயடீன் இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையானதோ 150 மைக்ரோகிராம் மாத்திரமே. ஆகையால் தைரொயிட் சுரப்பி கூடுதலாகவோ குறைவாகவோ வேலை செய்யத் தொடங்கலாம். தைரொயிட், ஈரல் ஆகியவற்றுக்குரிய இரத்தப் பரிசோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது வழக்கம். கிளினிக் கொப்பியில் கடைசியாக எப்போது செய்யப்பட்டது என்று பாருங்கள். புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ தொடங்கினால், சளிக் காய்ச்சல் என்று எண்ணிக் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். இந்த மருந்து சிலருடைய நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும் என்பதால், வயலில் நீளக் கைச் சட்டையும் அகலமான தொப்பியும் அவருக்கு அவசியம்.

பதில் 2: கிளிநொச்சியிலிருந்து ஒரு நோயாளர்

தங்கைக்கு வணக்கம். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் எனது இதயத்தின் மைற்றல் வால்வு சுருங்கி, அதனால் இதே துடிப்புக் கோளாறும் வந்து, பல ஆண்டுகளாக வோபரின் எடுத்து வருகிறேன். கீரையைப் பற்றி அயலவர்கள் சொல்வதைத் தந்தையார் பொருட்படுத்த வேண்டியதில்லை. முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை போன்றவற்றில் உள்ள விற்றமின் கே வோபரினுக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் அளவுதான் மாறக் கூடாது. வழமையாக வாரத்தில் எவ்வளவு கீரை சாப்பிட்டாரோ அவ்வளவையே தொடர்ந்து சாப்பிட்டால், மருந்தின் அளவை வைத்தியர் அதற்கேற்ப அமைத்துக்கொள்வார். ஒரு மாதம் முழுதும் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, மழைக்குப் பின்னர் வளவில் தழைத்ததையெல்லாம் நாள்தோறும் வறுத்துச் சாப்பிட்டால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும்.

விரதமும் அப்படித்தான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உணவைக் குறைத்தால் ஐ.என்.ஆர். ஏறக்கூடும். நான் எனது வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி, பகலில் ஒரு வேளை உணவை எடுத்துக்கொண்டு, மருந்தை விடாமல் விரதம் இருக்கிறேன். இறைவனுக்கு அது குறைவாகப்படும் என்று நான் நினைக்கவில்லை.

குளிசையை மாலை ஆறு மணிக்கு எடுப்பது நல்லது. காலையில் இரத்தம் கொடுத்தால், முடிவு தெரிந்த பின்னர் அன்றைய அளவையே மாற்றிக்கொள்ள முடியும். மறந்துவிட்டால் அன்றிரவுக்குள் நினைவு வரும்போது எடுக்கலாம். அடுத்த நாள்தான் நினைவு வந்தால், இரண்டு நாளுக்குரியதையும் சேர்த்து எடுக்கவே கூடாது. வேறு இடத்தில் மருந்து வாங்க நேர்ந்தால், குளிசையின் நிறத்தை நம்பாமல் பொதியில் உள்ள மில்லிகிராமை வாசியுங்கள்.

உடல் வலிக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனாக் போன்ற குளிசைகளைத் தந்தையார் தொடக் கூடாது. அறுவடைக் காலத்தில் முதுகு வலிக்கும்போது இது பெரிய சோதனையாகத்தான் இருக்கும். பரசிற்றமோல் எடுக்கலாம், ஆனால் அதையும் நாட்கணக்கில் முழு அளவில் எடுப்பதாக இருந்தால் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். வின்ரகிறீன் எண்ணெய் கலந்த தைலங்களை நிறையப் பூசினால், தோல் வழியாக உள்ளே போய் அவையும் இரத்தக் கசிவை ஏற்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. நாட்டு மருந்துக் கஷாயங்களைப் பற்றியும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அஃபர்ம் ஆய்வைப் பற்றி வாசித்துக் காட்டியபோது அப்பா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய குளிசைகள் இருப்பதாகக் கொழும்பிலுள்ள உறவினர் சொல்கிறார், அவற்றுக்கு மாறலாமா? அடுத்தது, வயலில் பாம்பு தீண்டினால் இந்த மருந்தால் ஏதேனும் வேறுபாடு உண்டா?

பதில் 3: வவுனியா மருந்தாளர்

ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் போன்ற அந்த மருந்துகள் நல்லவை. மூளையில் இரத்தம் கசியும் அபாயம் அவற்றால் வோபரினை விடக் குறைவு. கிளிநொச்சி ஐயாவைப் போல வாதக் காய்ச்சலால் மைற்றல் வால்வு சுருங்கியவர்களுக்கு அவை பொருந்தாது. 2022இல் வெளியான இன்விக்ரஸ் ஆய்வில் அத்தகையவர்களுக்கு ரிவரொக்ஸபானை விட வோபரின் வகையே சிறந்ததாகக் காணப்பட்டது. தந்தையாரின் வால்வுகளில் குறையில்லை என்பதால் வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு முன்னர் சிறுநீரகத்துக்குரிய கிரியற்றினின் பரிசோதனை கட்டாயம் தேவை. வடமத்திய மாகாணத்தில் போலவே வவுனியா மாவட்டத்திலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயிகளிடையே காணப்படுவதால், வன்னியில் இதை ஒரு சம்பிரதாயமாகக் கருத முடியாது. மாதந்தோறும் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தால், அதை இடையில் நிறுத்தாமல் தொடர முடியுமா என்பதையும் வீட்டில் கணக்குப் பாருங்கள். இவை உடலில் ஏறத்தாழ ஒரு நாள்தான் நிற்கும். இரண்டு நாள் விட்டுப்போனால் பாதுகாப்பே இல்லை. என்னைக் கேட்டால், தடங்கலின்றிக் கிடைக்கின்ற வோபரின், விட்டுவிட்டு வாங்கும் விலையுயர்ந்த மருந்தை விட மேலானது.

பாம்பைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. புடையன் தீண்டினால் அதன் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையையே அழிக்கிறது. வைத்தியசாலையில் சிறிதளவு இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்தே நஞ்சு ஏறியிருக்கிறதா என்று மதிப்பிடுவார்கள். வோபரின் எடுப்பவர் என்று அவர்களுக்குத் தெரியாவிட்டால் அந்த முடிவைப் பிழையாக விளங்கிக்கொள்ள இடமுண்டு. ஆகவே, மருந்தின் பெயர், அளவு, கடைசி ஐ.என்.ஆர். ஆகியவற்றை எழுதிய சிறு அட்டையொன்றைத் தந்தையார் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கட்டும். டெங்குக் காய்ச்சல், பல் பிடுங்குதல் ஆகியவற்றுக்கும் அதே அட்டையைக் காட்ட வேண்டும்.

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலை அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மலம் கறுத்துப் போனாலும், சிறுநீர் சிவந்தாலும் அப்படியே. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால், முச்சக்கர வண்டி தேடி அலையாமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து, அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் வோபரின் எடுப்பதையும் அம்புலன்சில் வருபவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.