தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு சொல்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

கிருஷ்ணகிரி, தொழிற்பயிற்சி ஆசிரியர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

ஏசி, ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பு படிக்கும் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு பாடம், திறன்பேசியால் இயக்கும் வீட்டுத் தெர்மோஸ்டாட்டின் நன்மை தீமைகள். பாடம் தயார், தலைப்புதான் அமையவில்லை. வெப்பநிலைப்படுத்தி, வெப்பநிலைச் சீராக்கி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். 'சீராக்கி' என்றால் மாணவன் ஸ்டெபிலைசரைக் காட்டுகிறான். 'கட்டுப்பாட்டுக் கருவி' என்றால் ரிமோட்டை எடுக்கிறான்.

கருவியின் வேலை இவ்வளவுதான்: அறையின் வெப்பநிலையை உணரும், நாம் வைத்த அளவோடு ஒப்பிடும், அளவு வந்ததும் கம்ப்ரசரை நிறுத்தும், விலகியதும் மறுபடி ஓட விடும். இது புரியாததால்தான் 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண கம்ப்ரசர் 16-ல் வைத்தாலும் 24-ல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16 வராததால் நிற்காமல் ஓடும், மின்கட்டணம் ஏறும். (இன்வெர்ட்டர் வகை வேகத்தை மாற்றிக்கொள்ளும், அதற்குத் தனிப் பாடம் உண்டு.) சொல்லைக் கேட்டதுமே இந்த வேலை மாணவனுக்குத் தெரிய வேண்டும். என் முன்மொழிவு: வெப்பநிறுத்தி.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

> என் முன்மொழிவு: வெப்பநிறுத்தி

தம்பி, இது எதை நிறுத்துகிறது? வெப்பத்தையா, கம்ப்ரசரையா? வெப்பநிறுத்தி என்றால் வெப்பத்தைத் தடுப்பது என்றே படிப்பவர் கொள்வார். மொட்டைமாடியில் பூசும் வெள்ளைப் பூச்சுக்குக்கூட அந்தப் பெயர் பொருந்திவிடும்.

கருவி வெப்பத்தை ஓர் அளவில் காக்கிறது. காப்பதற்கு நம்மிடம் 'ஓம்பு' என்ற வினை இருக்கிறது. விருந்தோம்பல் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். வெப்பம் + ஓம்பி, வெப்பவோம்பி. மரம் + அடி மரவடி ஆவதைப் போல மகரம் கெட்டு உடம்படுமெய் வருகிறது, புணர்ச்சியில் குறை இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஔவையார் நம் தகடூர் அதியமானைப் பாடிய புறநானூற்று 87-ஆம் பாட்டு 'களம்புகல் ஓம்புமின்' என்று தொடங்குகிறது. அங்கே ஓம்புதல் என்பது காத்தல் அன்று, தவிர்த்தல். போர்க்களம் புகுவதைத் தவிருங்கள் என்று பகைவரை எச்சரிக்கிறார். வேண்டியதைக் காப்பது, வேண்டாததைத் தவிர்ப்பது, இரண்டுக்கும் ஒரே வினை. இந்தக் கருவி செய்வதும் இவ்விரண்டும்தானே? நம் ஊர் மன்னனைப் பாடிய பாட்டில் இருக்கும் சொல்லை நம் ஊர்ப் பிள்ளைகள் பயன்படுத்துவது எனக்குப் பெருமை.

ஓசூர், ஏசி மெக்கானிக் எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன், பிடித்திருக்கிறது. ஆனால் பட்டறையில் எல்லாரும் தெர்மோஸ்டாட் என்றுதான் சொல்கிறோம். இஸ்திரிப் பெட்டியில் இருப்பதும் அதுதான், கீசரில் இருப்பதும் அதுதான். அளவு வந்து நின்றால் 'கட் ஆஃப் ஆச்சு' என்போம். உதிரிபாகக் கடையில் வேறு பேர் சொன்னால் பொருள் வராது. பையன் வேலைக்குப் போன முதல் நாளே முதலாளி முன்னால் திகைத்து நிற்கக் கூடாது. தெர்மோஸ்டாட் என்றே தலைப்பு வையுங்கள். தமிழ்ச்சொல் உள்ளே வரட்டும்.

தருமபுரி, சொல்லாய்வு ஆர்வலர் எழுதியது:

நண்பர்களே, அயற்சொல் என்று நாம் ஒதுக்குவது நம் சொல்லாகவே இருந்தால்? 'தெர்மோ' கிரேக்கம் என்கிறார்கள். தமிழில் 'தெறு' என்றால் சுடுதல். புறநானூறு 43-ல் ஞாயிற்றைத் 'தெறுகதிர்க் கனலி' என்கிறார் புலவர். தெறு, தெறல், தெறும் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், தெர்ம் வந்து நிற்கும். கடல் வணிகத்தில் நம் இஞ்சியும் அரிசியும் கிரேக்கம் போகவில்லையா? எனவே 'தெறுநிலைப்பி' என்று வைப்போம். மெக்கானிக் தம்பி சொல்லும் தெர்மோஸ்டாட்டின் ஒலியும் அதிலேயே இருக்கிறது.

பெங்களூரிலிருந்து, பாலக்கோட்டுக்காரர் எழுதியது:

ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து வேர் சொல்லக் கூடாது என்று இந்தக் குழுவில் பலமுறை பேசியிருக்கிறோம். கிரேக்கத்தில் 'தெர்மோஸ்', வடமொழியில் 'கர்ம', பாரசீகத்தில் 'கர்ம்', மூன்றுக்கும் பொருள் வெப்பம். மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. நாம் கடையில் வாங்கும் கரம் மசாலாவின் 'கரம்' அந்தப் பாரசீகச் சொல்தான். மூல வேரின் முதல் மெய் ககர இனத்தைச் சேர்ந்தது. எகரத்துக்கு முன் அது தகர இனமாகத் திரிந்தது கிரேக்கத்துக்குள் நடந்த மாற்றம். ஆகவே 'தெ' என்ற முதலெழுத்தை வைத்துத் தெறுவோடு இணைக்க இடமே இல்லை.

பின்பாதியான 'ஸ்டாட்' நிற்பதைக் குறிக்கும். இந்தப் பெயரில் 1830-ல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ யூர். சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டைதான் அவருடைய கருவி. நம் இஸ்திரிப் பெட்டிக்குள் இன்றும் இருப்பது அதே தத்துவம்.

தருமபுரி, சொல்லாய்வு ஆர்வலர் எழுதியது:

வேர் பற்றிய கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இஞ்சியைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

இஞ்சி இருக்கட்டும் ஐயா. தெறுதலுக்கு அழித்தல், வருத்துதல் என்ற பொருள்களும் உண்டு. வீட்டுச் சுவரில் மாட்டும் கருவிக்கு அந்த வேர் வேண்டாம்.

டெக்சாஸிலிருந்து, மத்தூர்க்காரர் எழுதியது:

இந்தக் கருவி என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இங்கே ஒரே கருவி குளிர்காலத்தில் சூடேற்றியையும் கோடையில் ஏசியையும் இயக்கும். வீட்டில் ஆளில்லாதபோது அளவைத் தளர்த்தி, திரும்பும் வழியில் ஃபோனிலிருந்தே மாற்றலாம். நாளில் 8 மணி நேரம் 7 முதல் 10 ஃபாரன்ஹீட் தளர்த்தினால் சூடேற்றவும் குளிரூட்டவும் ஆகும் ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. இது உண்மையான நன்மை.

ஆனால் ஆசிரியர் ஐயா பாடத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டியது வேறு. 2016 ஜனவரியில் நெஸ்ட் என்ற பெயரில் விற்கும் இவ்வகைத் தெர்மோஸ்டாட் கருவிகளில் மென்பொருள் பிழை ஒன்று பேட்டரியைக் காலி செய்தது, கடுங்குளிரில் வீடுகள் சில்லிட்டுப்போயின. 2021 ஜூனில் இங்கே மின்சாரம் போதாமல் போனபோது, மின்சேமிப்புத் திட்டத்தில் பெயர் கொடுத்திருந்தவர்களின் வீடுகளில் வெப்பநிலையை வெளியிலிருந்தே ஏற்றினார்கள். தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சிலர் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் கருவிகளுக்கான ஆதரவை 2025 அக்டோபரில் கூகுள் நிறுத்திவிட்டது. சுவரில் கையால் திருப்பலாம், ஃபோனில் முடியாது. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் பாதி வேலை இன்னொருவர் முடிவில் நின்றுபோகிறது. வாங்குகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்வது மெக்கானிக்கின் கடமை. அதனால் 'ஓம்பி' என்ற சொல்லில் எனக்குத் தயக்கம். அது கருவிக்கு இல்லாத பரிவை ஏற்றிச் சொல்கிறது. 'நிறுத்தி' நேரானது.

கிருஷ்ணகிரி, தொழிற்பயிற்சி ஆசிரியர் எழுதியது:

சேர்த்துக்கொண்டேன், நன்றி. நம் ஊரில் சுவரில் மாட்டுவது அரிது. வைஃபை உள்ள ஸ்பிளிட் ஏசி, இல்லையென்றால் ரிமோட்டின் அகச்சிவப்புக் குறியை அனுப்பும் சிறு பெட்டி, இவைதான் வருகின்றன. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை ஏசிகளின் தொடக்க அளவு 24 என்று வைத்திருப்பதையும், ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்ற எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கையும் பாடத்தில் கொடுத்திருக்கிறேன்.

பாலக்கோடு, பட்டு விவசாயி எழுதியது:

நான் இலக்கணம் பேச வரவில்லை. எங்கள் புழு வளர்ப்பு மனையில் இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி வேண்டும், வளர்ந்த புழுவுக்கு அதைவிடக் குறைவு. மார்கழியில் ஹீட்டர், சித்திரையில் ஈரச்சாக்கு. ராத்திரி எழுந்து போகாமல் மனையின் சூட்டை ஃபோனில் பார்க்க முடிந்தால் எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கரண்ட் போனால் வைஃபையும் போகும். எச்சரிக்கை வர வேண்டிய நேரத்தில் ஃபோன் சும்மா இருக்கும். இதையும் தீமையில் எழுதுங்கள் சார். பேர் எதுவானாலும் சரி, வாசித்தால் வாயில் வர வேண்டும்.

பெங்களூரிலிருந்து, பாலக்கோட்டுக்காரர் எழுதியது:

ஒரு சமரசம். 'வெப்பநிலைநிறுத்தி' என்று சேர்த்தே எழுதினால் என்ன? வெப்பநிலை + நிறுத்தி என்றும் பிரியும், வெப்பம் + நிலைநிறுத்தி என்றும் பிரியும். முதலாவது கிருஷ்ணகிரி ஆசிரியரின் பொருளுக்கு அருகில் வருகிறது, இரண்டாவது அரூர் ஐயாவின் பொருள். கிரேக்கச் சொல்லின் 'நிற்றலும்' உள்ளே இருக்கிறது.

ஓசூர், ஏசி மெக்கானிக் எழுதியது:

பக்கத்திலேயே தெர்மோஸ்டாட் என்று போட்டால் எனக்குச் சம்மதம்.

டெக்சாஸிலிருந்து, மத்தூர்க்காரர் எழுதியது:

எனக்கும் சரி.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

ஒன்பது எழுத்து. வெப்பவோம்பி ஆறு. இரண்டு விதமாகப் பிரியும் சொல் செய்யுளுக்கு அழகு, கையேட்டுக்குக் குழப்பம். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

கிருஷ்ணகிரி, தொழிற்பயிற்சி ஆசிரியர் எழுதியது:

நாளை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். தலைப்பு: 'திறன்பேசியால் இயக்கும் வெப்பநிலைநிறுத்தி (தெர்மோஸ்டாட்)'. அரூர் ஐயாவின் சொல்லும் விளக்கமும் அதே பக்கத்தின் அடியில் வரும். அனைவருக்கும் நன்றி.

பாலக்கோடு, பட்டு விவசாயி எழுதியது:

சார், மனையில் ஈரப்பதம் பார்த்துத் தானாக நின்று ஓடும் கருவி ஒன்றும் உண்டு. அதற்கும் ஒரு பேர் சொல்லிவிடுங்கள். ஈரப்பதநிலைநிறுத்தி என்றா எழுதுவது?

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

ஈரவோம்பி, அம்மா.