ஜேஇஇ தயாரிப்பு: மாதிரித் தேர்வு எழுதிய பிறகு என்ன செய்தோம்?

தேசிய அளவிலான பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாய் என்று கேட்டால் பதில் உடனே வந்துவிடும். அந்தத் தேர்வுகளில் மதிப்பெண் எங்கே போயிற்று என்று கேட்டால், பெரும்பாலும் 'கவனக்குறைவு சார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் நான் அந்தப் பதிலோடு யாரையும் விடுவதில்லை.

பிளஸ் டூ மாணவி ஒருவர், எத்தனை தேர்வு எழுதினாலும் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று சோர்ந்து வந்தார். புதிதாக எதையும் படிக்கச் சொல்லாமல், பழைய வினாத்தாள்களையும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்த தாள்களையும் கொண்டுவரச் சொன்னேன். தவறிய ஒவ்வொரு வினாவையும், பாடமே தெரியாதது, பாடம் தெரிந்தும் எந்தக் கருத்தைக் கையில் எடுப்பது என்று பிடிபடாதது, வழி சரியாக இருந்தும் கணக்கில் சறுக்கியது, நேரமில்லாமல் விட்டது என்று பிரித்து எழுதினோம். கவனக்குறைவு என்று அவர் சொல்லிவந்தவற்றில் பெரும்பகுதி இரண்டாவது வகையில் போய் விழுந்தது. அதிலும் சுழற்சி இயக்கம்தான் அதிகம்.

அவற்றில் ஒரு வினா நினைவில் இருக்கிறது. ஒரு திண்மக் கோளம், ஒரு வட்டத்தட்டு, ஒரு வளையம் ஆகிய மூன்றும் ஒரே சாய்தளத்தில் ஒரே உயரத்திலிருந்து விடப்பட்டு நழுவாமல் உருண்டால் முதலில் கீழே வருவது எது என்பதே வினா. மூன்றுக்கும் வெவ்வேறு நிறையும் ஆரமும் கொடுக்கப்பட்டிருந்தன. அவருக்கு நிலைமத் திருப்புத்திறன் (சுழல்வதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவு) சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் எண்களைக் கண்டதும் அவற்றை இட்டுப் பெருக்கத் தொடங்கி, தாளின் பாதியை நிரப்பியிருந்தார். எண்களைத் தொடாமல் குறியீடுகளிலேயே கடைசி வரி வரை போகச் சொன்னேன். நிறையும் ஆரமும் அடிபட்டுப் போய்விடுகின்றன; நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பது மட்டுமே மிஞ்சுகிறது. உராய்வில்லாமல் சறுக்கும் பொருளின் முடுக்கத்தோடு ஒப்பிட்டால் கோளத்துக்கு அதில் 5/7 பங்கும், தட்டுக்கு 2/3 பங்கும், வளையத்துக்குப் பாதியும் கிடைப்பதால் கோளம் முந்தும், வளையம் கடைசியாக வரும். கொடுத்த எண்கள் அனைத்தும் வெறும் அலங்காரம்.

அதன் பின் அவர் கடைப்பிடித்த முறை எளியது, ஆனால் அலுப்பூட்டுவது. தீர்வைப் படித்துப் புரிந்துகொண்ட கணக்கை முடித்த கணக்காகச் சேர்க்காமல், ஒரு வாரம் கழித்து வெற்றுத்தாளில் தானாகப் போட்டுப் பார்த்த பிறகே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். படிக்கும்போது எல்லாத் தீர்வும் நமக்குத் தெரிந்ததுபோலவே தோன்றும். வெற்றுத்தாள் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

*

ஆசிரியர் ஐயா சொன்ன வகைகளில் கடைசியாக வரும் நேரப் பிரச்சினைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. நான் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவன். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடப்பதால், கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணிலிருந்து 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃபையும் விட முடியாது, ஜேஇஇயையும் விட முடியாது.

மூன்று மணி நேரத்தில் 75 வினாக்கள் என்றால் ஒரு வினாவுக்குக் கிடைப்பது 2 நிமிடம் 24 விநாடி. கால்குலேட்டர் கிடையாது. கனிம வேதியியல் வினாக்களில் பலவற்றுக்கு விடை பார்த்தவுடன் தெரியும் அல்லது தெரியவே தெரியாது என்பதால், வேதியியலை முதலில் முடித்து, மிச்சப்பட்ட நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்தேன். மூளை களைக்கும் முன்பே கணிதத்தை முடித்துவிட வேண்டும் என்று அதையே முதலில் எடுத்த நண்பர்களும் நன்றாகவே எழுதினார்கள். மாதிரித் தேர்வுகளில் இரண்டு வரிசையையும் சோதித்து, ஒன்றை முடிவு செய்துகொண்டு, அதன்பின் மாற்றாமல் இருப்பதே முக்கியம் என்பது என் கருத்து.

சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைவு என்பதைக் கேட்டுப் பலர் பயந்து, பாதி தெரிந்த வினாக்களையும் விட்டுவிடுகிறார்கள். நான்கு தெரிவுகளில் இரண்டைக் காரணத்தோடு நீக்க முடிந்தால், மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறிப்பதில் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலோ கால் மதிப்பெண்தான், அதற்காக ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டியதில்லை. எண்ணாக விடை இடும் வினாக்களுக்கும் தவறினால் மதிப்பெண் குறையும் என்பதால், கணக்கு முடியாதவற்றில் நான் கையே வைக்கவில்லை.

இன்னொன்று: ஜேஇஇ மெயினை நடத்தும் தேசியத் தேர்வு முகமை, தேர்வுக்குப் பின் நாம் குறித்த விடைகளையும் தற்காலிக விடைக்குறிப்பையும் வெளியிடுகிறது. ஜனவரித் தேர்வின் அந்தத் தாளைப் பெரும்பாலோர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்ததோடு மூடிவிடுகிறார்கள். ஜனவரி, ஏப்ரல் ஆகிய இரண்டு அமர்வுகளில் நல்லதையே கணக்கில் கொள்வதால், ஏப்ரலுக்கு முன் பிரித்துப் பார்க்க அதைவிடச் சிறந்த வினாத்தாள் கிடைக்காது. வீட்டில் எழுதும் எந்த மாதிரித் தேர்விலும் அந்தப் பதற்றம் இருக்காது.

*

மெயினுக்குப் பின் ஐஐடி சேர்க்கைக்காக நடக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதப் போகிறவர்களுக்காகச் சிறிது சேர்க்கிறேன். மேலே சொன்ன ஊகக் கணக்கை அங்கே அப்படியே கொண்டுபோக வேண்டாம். மதிப்பெண் முறை ஆண்டுதோறும் மாறலாம் என்பதால், தாளின் தொடக்கத்தில் வரும் அறிவுரையைப் படித்தே ஆக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய வினாக்களில் அண்மை ஆண்டுகளில் பகுதி மதிப்பெண் உண்டு. மூன்று விடைகள் சரியான வினாவில் உறுதியாகத் தெரிந்த இரண்டை மட்டும் குறித்தால் 2 மதிப்பெண் வரும், சந்தேகத்தோடு தவறான ஒன்றையும் சேர்த்துவிட்டால் அந்த 2 போவதோடு மேலும் 2 குறையும். என் தம்பி வீட்டில் எழுதிய தேர்வுகளில், உறுதியானதற்கு ஒரு குறியும் சந்தேகமானதற்கு வேறு குறியும் இட்டு, பிறகு இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டான். அவனுடைய சந்தேகங்கள் எந்தப் பாடத்தில் பலித்தன, எதில் பலிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பாடத்திட்டத்திலும் வேறுபாடு உண்டு. திடநிலை, புறப்பரப்பு வேதியியல் போன்றவை 2024 முதல் மெயின் பாடத்திட்டத்தில் இல்லை, அட்வான்ஸ்டில் இருக்கின்றன. ஏப்ரல் அமர்வு முடிந்த பின் அவற்றைப் புதிதாகத் தொடங்கினால் நேரம் இடிக்கும். மாநிலப் பிளஸ் டூ பாடநூலில் இவ்விரண்டு பாடங்களும் இருப்பதால், பள்ளியில் நடத்தும்போதே கணக்குகளோடு முடித்துவைத்துவிடலாம்.