மூச்சை அடக்கும்போது உடம்புக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது?

பாம்பன்பொண்ணு:
எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பையோடு வத்தை என்கிற சிறு படகிலிருந்து இறங்கினால், மூச்சுப் பிடித்தபடியே பாறையிலிருந்து மரிக்கொழுந்து என்கிற பாசியைப் பிய்த்துப் பையில் திணித்துக்கொண்டுதான் மேலே வருவார். சிலிண்டரெல்லாம் கிடையாது. நான் பிளஸ் ஒன்னில் உயிரியல் படிக்கிறேன். செல் சுவாசத்துக்கு ஆக்சிஜன் வேண்டும் என்கிறது பாடம். மூச்சே விடாத அந்த நேரத்தில் கையும் காலும் எப்படி வேலை செய்கின்றன? மதியத்துக்கு மேல் தொடை கடுக்கிறது என்பார். அது லாக்டிக் அமிலம் என்றால், "எனக்குள்ளே ஆசிட்டாடி?" என்று சிரிக்கிறார். யாராவது விளக்குங்கள்.

கீழக்கரை வாத்தியார்:
அம்மா அடக்குவது மூச்சை மட்டும்தான்மா. செல்கள் பாட்டுக்குச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கும். நுரையீரலில் பிடித்த காற்று, இரத்தத்தின் ஹீமோகுளோபின், தசையிலுள்ள மையோகுளோபின் என்று மூன்று இடத்தில் ஆக்சிஜன் கையிருப்பு உண்டு. ஒரு முங்குக்கு அது தாங்கும்.

காலையில் குடித்த கஞ்சி குளுக்கோஸாகிச் செல்லுக்கு வருகிறது. சைட்டோபிளாசத்தில் அது இரண்டு பைருவேட்டாக உடையும். இதற்கு ஆக்சிஜனே வேண்டாம். ஆனால் நிகரமாகத் தேறுவது 2 ஏ.டி.பி.தான். ஏ.டி.பி. என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் நாணயம். பைருவேட், செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போன பிறகுதான் பெரிய வரவு. அங்கே கார்பன் முழுக்க கார்பன் டை ஆக்சைடாகக் கழிகிறது. பிரிந்த எலக்ட்ரான்கள் உள்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகும்போது, அந்த ஆற்றலில் புரோட்டான்கள் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப்படுகின்றன. அவை ஒரு நொதியின் வழியாகத் திரும்பி வரும்போது ஏ.டி.பி. உருவாகிறது. பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் இதை 1961இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்கே நோபல் கொடுத்தார்கள். ஆக்சிஜனுக்கு வேலை கடைசியில்தான்: களைத்து வரும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும். அது இல்லையென்றால் பின்னால் வரிசை மொத்தமும் நின்றுபோகும். ஒரு குளுக்கோஸுக்கு மொத்த வரவு இப்போது 30, 32 ஏ.டி.பி. என்கிறார்கள். பழைய புத்தகங்களில் 36, 38 இருக்கும். பரீட்சையில் உன் புத்தகத்தில் உள்ளதை எழுது, வம்பு வேண்டாம்.

தொடைக்கு வருவோம். காலை விடாமல் உதைக்கும்போது ஏ.டி.பி. தேவை எகிறும். மைட்டோகாண்ட்ரியா ஈடுகொடுக்காதபோது பைருவேட் லாக்டேட்டாக மாறுகிறது. குளுக்கோஸை உடைக்கத் தேவையான, எலக்ட்ரானை ஏந்திக்கொள்ளும் என்.ஏ.டி. என்ற மூலக்கூறு இதனால் மீண்டும் கிடைத்துவிடும். அந்த லாக்டேட் வீணாவதில்லை. இதயம் அதை எரிக்கும், கல்லீரல் குளுக்கோஸாக மாற்றும். மறுநாள் காலையிலும் வலித்தால் பழியை லாக்டிக் அமிலத்தின் மேல் போடாதே. அது தசைநாரில் ஏற்படும் நுண்ணிய சிதைவு.

சாயல்குடியான்:
வாத்தியார் சொன்ன அந்த 2 ஏ.டி.பி. கணக்கு எங்கள் பனங்காட்டிலும் உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஈஸ்ட் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து எத்தனாலாக்கிவிடும், நுரைப்பது கார்பன் டை ஆக்சைடு. சுண்ணாம்பின் காரம் ஈஸ்டை வளர விடாது.

பாம்பன்பொண்ணு:
நன்றி சார். கையிருப்பு இருக்கிறதென்றால் ஏன் சீக்கிரமே மூச்சு முட்டுகிறது?

கீழக்கரை வாத்தியார்:
நல்ல கேள்வி. முட்ட வைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதல்ல, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதுதான். அதனால்தான் ஒன்றை அம்மாவிடம் கட்டாயம் சொல். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் அதிக நேரம் தாங்கலாம் என்று சிலர் செய்வார்கள். அப்படிச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, முட்டுகிற உணர்வு தாமதமாகும். ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே போய், முன்னறிகுறி இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும். இடுப்பளவுத் தண்ணீரிலும் உயிர் போகும்.

பாம்பன்பொண்ணு:
சொல்லிவிட்டேன் சார். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லையாம், கூட வரும் ஒரு அக்காவுக்கு உண்டாம். நாளை அந்த அக்காவிடம் பேசுகிறாராம்.