டங்கன்ரோன்பா முதல் அத்தியாயம்: ஒரு சின்னத் துப்பு மட்டும் வேண்டும்

நண்பர்களே, 2010-இல் வந்த முதல் டங்கன்ரோன்பா துப்பறியும் வீடியோ கேமை இப்போதுதான் விளையாடுகிறேன். முதல் கொலை வரைக்கும் வந்திருக்கிறேன். இன்னும் தொடங்காதவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம்.

நாயகனின் சக மாணவி மைசோனோ இறந்ததை இன்னும் ஏற்க முடியவில்லை. கடைசி வரை கூடவே வருவாள் என்று நம்பியிருந்தேன். அதுவும் நம் நாயகனின் அறையிலேயே, குளியலறைச் சுவரில் சாய்ந்தபடி! பள்ளியில் அடைபட்ட மாணவர்களில் ஒருவர்தான் கொன்றிருக்க வேண்டும் என்பதால் யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது.

குளியலறைக் கதவின் கைப்பிடி உடைந்திருப்பது ஓரளவு புரிகிறது. அந்தக் கதவு சிக்கிக்கொள்ளும் என்பது கொலையாளிக்குத் தெரியாது, சரி. ஆனால் அவளுக்குப் பின்னால் சுவரில் ரத்தத்தால் எழுதிய 11037? அறை எண், தேதி, மாணவர் வரிசை என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். எதுவும் பொருந்தவில்லை.

அது உண்மையிலேயே எண்தானா? எந்தக் கோணத்தில் யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், கொலையாளியின் பெயர் வேண்டவே வேண்டாம். அப்புறம், விசாரணையில் தவறான தோட்டாவை, அதாவது மற்றவர் பேச்சை உடைக்கும் ஆதாரத்தை, சுட்டால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்குமா, அந்த விவாதம் மட்டும்தானா?