புதுப்பிப்பு: மத்தியானத்தில் படுத்துவிடும் லேசர் வெட்டி

போன மாதம் எழுதியிருந்தேன்: கிளிநொச்சியில் வீட்டுக் கொட்டிலில் நானே பொருத்திய 40 வாட் கார்பன் டைஒக்சைட் லேசர், காலையில் 3 மில்லிமீட்டர் பிளைவூட்டை வடிவாக வெட்டுகிறது, மத்தியானம் பாதி ஆழத்தோடு நின்றுவிடுகிறது என்று. எல்லோரும் லேசர் கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளைத்தான் சந்தேகித்தோம். பிழை தண்ணீரில்.

லேசர் கதிர் உண்டாகும் கண்ணாடிக் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் வாளி தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. வெப்பமானி போட்டால் 34 பாகை! 20 பாகையை ஒட்டி இருக்கவேண்டிய தண்ணீர். சூடேறினால் வலு குறையும், குழாயின் ஆயுளும் போகும். வன்னி வெயிலுக்கு வெறும் வாளி காணாது. இப்போது தண்ணீருக்கு ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டி, உள்ளே உறைந்த தண்ணீர்ப் போத்தல்கள் நாலு. (அம்மாவின் மீனுக்குக் குளிர்பெட்டியில் இடமில்லை, அது தனிச் சண்டை.) அதற்காக ஐஸாகவும் விடக்கூடாது, குழாயில் ஈரம் பூக்கும், அங்கே ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

ரெக்சின் (செயற்கைத் தோல்) வெட்டலாமா என்று கேட்ட அண்ணைக்கு: பிவிசி பிளாஸ்டிக் கலந்ததென்றால் வேண்டவே வேண்டாம். வரும் புகை ஐதரசன் குளோரைட்டு. நெஞ்சையும் அரிக்கும், வெட்டும் தலை ஓடும் இரும்புத் தண்டுகளையும் துருவாக்கும்.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கடைப் பெயர்ப்பலகை வெட்டினேன். ஒரே ஓட்டம்.