குழந்தைக்குக் கரப்பான்: ஆயின்ட்மென்ட்டை நிறுத்தினா ஒரே வாரத்துல திரும்ப வருது

பாலக்கோடு_அம்மா:
பையனுக்கு 3 வயசு. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னாடி, கழுத்து எல்லாம் தோல் தடிச்சு சொரசொரன்னு இருக்கு. ராத்திரியில ரத்தம் வர்ற அளவுக்குச் சொறியறான். அட்டோபிக் டெர்மடைட்டிஸ்னு சொல்லி டாக்டர் மொமெட்டசோன் ஆயின்ட்மென்ட் எழுதினார். போட்டா நாலு நாள்ல அடங்குது, நிறுத்தினா மறுபடியும் வருது. மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சோன்னு தோணுது. ஸ்டீராய்டுங்கறதால பயந்து பயந்து கொஞ்சமாத்தான் தடவறேன். வீட்ல போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி. கத்தரிக்காய், முட்டை, கருவாடு, கம்பு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்க மாமியார். என்ன பண்றது?

தோல்மருத்துவர்_தருமபுரி:
மருந்து பழகிப்போகலம்மா. சிவப்பு மறைஞ்சதும் நிறுத்திடறீங்க, அதுதான் காரணம். அப்பவும் தோலுக்கு அடியில அழற்சி மிச்சம் இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பாருங்க. பக்கத்துத் தோல் மாதிரியே வழவழன்னு ஆகற வரைக்கும் தினம் ஒரு வேளை போடணும், பெரும்பாலும் 1–2 வாரம் ஆகும். அதுக்கப்புறமும் அடிக்கடி திரும்ப வர்ற இடங்கள்ல வாரத்துல 2 நாள் மட்டும் தடவிட்டு வந்தா மறுபடி கிளம்பறது குறையும். எத்தனை மாசத்துக்குங்கறதை உங்க டாக்டர் முடிவு பண்ணட்டும்.

அளவு முக்கியம். உங்க ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் ட்யூபைப் பிதுக்கினா சுமார் அரை கிராம். பெரியவங்க உள்ளங்கை ரெண்டு அகலத்துக்கு (விரல்களையும் சேர்த்து) அது போதும். அதைவிடக் குறைச்சா நோயும் அடங்காது, மருந்து போடற நாளும்தான் நீளும்.

கழுத்துத் தோல் மெல்லிசு. அங்கே மொமெட்டசோனை நாள்கணக்கா ஓட்டாதீங்க. வீரியம் குறைஞ்ச ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் 1% இல்லன்னா ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் 0.03% ஆயின்ட்மென்ட் (2 வயசுக்கு மேல தடவலாம்) பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும். ஒத்துக்கலன்னு நினைச்சுப் பாதியில விட்டுடறவங்க நிறைய.

மருந்தாளுநர்_காரிமங்கலம்:
மருந்தோட மாய்ஸ்சரைசரும் (தோல் காயாம ஈரத்தைக் காக்கற க்ரீம்) தடவணும். 100 கிராம் ட்யூப் ரெண்டு மாசம் வருதுன்னா அது தடவாததுக்குச் சமம். 3 வயசுப் பிள்ளைக்கு உடம்பு முழுக்கத் தடவ வாரம் 200–250 கிராம் கூட ஆகும். விலை கட்டுப்படியாகலன்னா வாசனை கலக்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியே வாங்குங்க, நல்லா வேலை செய்யும்.

வெதுவெதுப்பான தண்ணி, 5–10 நிமிஷக் குளியல், அதுக்கு மேல வேணாம். நம்ம பக்கம் தண்ணின்னாலே ஃப்ளோரைடு பேச்சுதான். ஆனா தோலைப் படுத்தறது கால்சியமும் மெக்னீசியமும். சோப்போட சேர்ந்து தோல் மேல படிஞ்சு உறுத்தும். அதனால சாதா சோப்பு, கடலை மாவு ரெண்டையும் விட்டுட்டு, சோப்பு கலக்காத க்ளென்சரை அழுக்கு இருக்கற இடத்துல மட்டும் போடுங்க. ஒகேனக்கல் தண்ணி வந்தா கடைசி சொம்பு அதுல ஊத்துங்க. தண்ணியில இருக்கற அந்தக் கால்சியம், மெக்னீசியத்தை எடுக்கற சாஃப்டனர் மெஷினுக்குக் காசைக் கொட்டாதீங்க. இங்கிலாந்துல 336 பிள்ளைகளை வெச்சுச் சோதிச்சு 2011-ல வெளியான ஆய்வுல கூடுதல் பலன் எதுவும் தெரியல.

துண்டால ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள, 3 நிமிஷத்துல மாய்ஸ்சரைசர். ஸ்டீராய்டுக்கும் அதுக்கும் நடுவுல 20 நிமிஷம் இடைவெளி விடுங்க. ஜெல்லி ஊறின துணி சட்டுனு தீப்பிடிக்கும், அடுப்பு, விளக்குப் பக்கம் பிள்ளையை விடாதீங்க.

இன்னொண்ணு. கடையில வாய்வார்த்தையா "படை மருந்து" கேட்டு வாங்கவே வாங்காதீங்க. க்ளோபெட்டசால், பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூணும் ஒரே ட்யூப்ல இருக்கும். க்ளோபெட்டசால் இருக்கறதுலயே வீரியமான ஸ்டீராய்டு. பிள்ளைக்குத் தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு கோடு விழும்.

நர்ஸ்_தேன்கனிக்கோட்டை:
சாப்பாட்டை வெட்டாதீங்க அக்கா. ஒரு பண்டம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள உதடு வீங்கறது, தடிப்பு, வாந்தின்னு வந்தாத்தான் அதைச் சந்தேகப்படணும். முட்டையையும் பாலையும் சும்மா நிறுத்தினா எடைதான் குறையும்.

எங்க பக்கம் மார்கழி, தை குளிர்ல இது ரொம்ப ஏறும். ஸ்வெட்டருக்கு உள்ளே பருத்திச் சட்டை போடுங்க, கம்பளி நேரா தோல்ல படக்கூடாது. நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க.

வீட்ல மத்தவங்களுக்கும் ராத்திரி அரிக்குதா, விரல் இடுக்குல பொரி இருக்கான்னு பாருங்க. இருந்தா சிரங்காவும் இருக்கலாம், அதுக்கு மருந்தே வேற, வீட்ல எல்லாரும் சேர்ந்து போடணும்.

தேன் நிறத்துல பொருக்குத் தட்டினா கிருமி ஏறியிருக்குன்னு அர்த்தம், மறுநாளே காட்டுங்க. காய்ச்சலோட, ஒரே அளவு சின்னக் கொப்புளங்கள் கூட்டமா வந்து குழி விழுந்தா அது ஹெர்ப்பிஸ்ங்கற வைரஸ் தொற்றா இருக்கலாம். அன்னிக்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

பாலக்கோடு_அம்மா:
ரொம்ப நன்றி. ஜெல்லிக்குப் பதிலா தேங்காய் எண்ணெய் போதுமா?

தோல்மருத்துவர்_தருமபுரி:
லேசான வறட்சிக்குப் போதும். உங்க பையனுக்குத் தோல் தடிச்சிருக்கு, ஜெல்லிதான் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் வேணாம், தோலோட தடுப்பை இன்னும் கெடுக்கும்.